மடகாஸ்கருக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மொரிசியஸில் கொலேஜில் (உயர்நிலைப் பள்ளியில்) படிக்கும் பிள்ளைகளை மருத்துவ முகாமுக்காக மடகாஸ்கருக்கு அழைத்துப் போகும் பேச்சு இப்போது கோவில் இளைஞர் மன்றங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அடிக்கடி அடிபடுகிறது. பிளேசான்ஸ் விமான நிலையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மடகாஸ்கர் தலைநகர் அந்தனநரிவோ. பிரெஞ்சு தெரியும், மனமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிள்ளைகள் தாராளமாகப் போகட்டும். ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு அங்கே உள்ள வேலை பதிவேடு, தராசு, தண்ணீர், மருந்துப் பெட்டி ஆகிய நான்கும்தான். நோயாளியின் உடம்பு அவர்கள் வேலை இல்லை. இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தாலே முகாமில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். பரீட்சை முடிந்து நவம்பர், டிசம்பரில் போகலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மழையோடு மலேரியாவும் ஏறும். மடகாஸ்கரின் மேட்டு நிலத்தில் கொள்ளைநோய் (பிளேக்) தலைகாட்டுவதும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான். 2017-இல் நுரையீரல் கொள்ளைநோய் நகரங்களுக்குள்ளேயே பரவி 2,000 பேருக்கு மேல் நோயாளிகளாகப் பதிவானார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட் குளிர்கால விடுமுறையில் போனால் பாதைகள் காய்ந்திருக்கும், கொசுவும் குறைவு. ஆனால் அந்தனநரிவோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை இரவில் அங்கே அடிக்கும் குளிருக்கு, நம் குளிரான மேட்டு ஊரான கியூர்பிப் பிள்ளைகளுக்கே ஸ்வெட்டர் போதாது. புயல் அடித்த அடுத்த வாரமே ஓடிப் போய் உதவ வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடலாம். 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் மடகாஸ்கரின் மனஞ்சரி என்ற ஊரைச் சிதைத்தபோது அந்த ஊருக்குத் தேவைப்பட்டது கூரை, தண்ணீர், அரிசி, பயிற்சி பெற்ற ஆட்கள். அந்த நேரத்தில் சாப்பாடும் படுக்கையும் கேட்டு வந்து நிற்கும் கொலேஜ் குழு ஊருக்குச் சுமைதான்.

அடுத்தது மருந்து. ‘வீட்டில் மீதி இருக்கும் மருந்தைக் கொடுங்கள்’ என்று கோவில் வாசலில் பெட்டி வைப்பது பெரிய தவறு. அந்தப் பெட்டியில் விழுவதெல்லாம் பாதி வெட்டிய அட்டை, காலாவதித் தேதி இருந்த மூலை கிழிந்த மாத்திரை, திறந்த சிரப், யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கொடை விதிகள் தெளிவாக இருக்கின்றன: ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தையும் மாதிரிப் பொட்டலத்தையும் அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும், அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில், மருந்தின் பொதுப்பெயரோடு லேபிள் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய இந்தோனேசியாவின் அச்சே பகுதி சாட்சி. அங்கே சுமார் 4,000 டன் மருந்து வந்து இறங்கியதாகப் பின்னர் ஆய்வு செய்தவர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவின் பட்டியலிலேயே இல்லாதவை. பிரித்து அடுக்கவும் எரித்து அழிக்கவும் ஆன செலவு அந்த நாட்டின் தலையில்.

மருந்தை அங்கேயே வாங்குவதுதான் எங்கள் யோசனை. மடகாஸ்கரில் அரசு மருத்துவ நிலையங்களுக்கு மருந்து கொடுக்கும் மத்தியக் கொள்முதல் நிலையம் ‘சலாமா’ இருக்கிறது. எந்த மருத்துவ நிலையத்துக்குப் போகிறீர்களோ அதன் பொறுப்பாளரிடம் மூன்று மாதம் முன்பே தேவைப் பட்டியல் கேட்டு, அவர் மூலமாக வாங்கிக் கொடுத்தால் சுங்கத் தொல்லையும் இல்லை, பழக்கமில்லாத மருந்தும் இல்லை. சில பொருள்களை இங்கிருந்துதான் கொண்டு போக வேண்டும் என்றால் முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். பொதுப்பெயர், அளவு, வடிவம், எண்ணிக்கை, தொகுப்பு எண், காலாவதித் தேதி, மதிப்பு எல்லாம் அடங்கிய பிரெஞ்சுப் பட்டியல் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். மருந்தையும் பழைய துணியையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். இந்தப் பட்டியல் வேலை பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தம். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் பெட்டியைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன், ரோஸ் ஹில்லிலோ கத்ர் போர்னிலோ ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தே இதைச் செய்துவிடலாம்.

முகாமில் எங்களை அதிகம் பயமுறுத்தும் இடம் ஊசி மேசை அல்ல, சிரப் மேசை. நம் தீவின் மருந்துக் கடைகளில் பிரெஞ்சு மருந்தும் இந்திய மருந்தும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கும். குழந்தைகளுக்கான டோலிபிரான் சிரப்பில் ஒரு மில்லிக்கு 24 மில்லிகிராம் பாராசிட்டமால். அதோடு வரும் உறிஞ்சியில் (ஊசி இல்லாத சிரிஞ்சில்) மில்லிலிட்டர் கோடு இல்லை, குழந்தையின் கிலோ எடைதான் கோடாகப் போட்டிருக்கும். 10 கிலோ குழந்தைக்கு 10 என்ற கோடு வரை இழுத்தால் 150 மில்லிகிராம் வரும், அதாவது கிலோவுக்கு 15. இந்தியாவிலிருந்து வரும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்று ஒரு வகை, 5 மில்லிக்கு 250 என்று இன்னொரு வகை. உறிஞ்சி இல்லாத 250 பாட்டிலுக்கு யாராவது அந்தப் பிரெஞ்சு உறிஞ்சியை எடுத்துக் கொடுத்துவிட்டால் அதே 10 என்ற கோட்டில் 312 மில்லிகிராம் ஏறிவிடும். இரண்டு மடங்குக்கு மேல். ஒரு நாளைக்கு நாலு வேளை, மூன்று நாள் என்று தாய் கொடுத்தால் குழந்தையின் கல்லீரல் தாங்காது. தப்பு நடந்தது அங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள்.

ஆகவே முகாம் முழுவதும் ஒரே அளவுள்ள சிரப் ஒன்று மட்டுமே இருக்கட்டும். அளக்கும் கருவி அதே பெட்டியில் வந்ததாக இருக்க வேண்டும், வேறு பெட்டியில் வந்த உறிஞ்சிகளை முதல் நாளே குப்பையில் போடுங்கள். அளவை மில்லிலிட்டரில் மருந்தாளரே எழுத வேண்டும். பிள்ளை அந்த எண்ணுக்கு நேரே உறிஞ்சியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, தாயிடம் காட்டி, தாயையே ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். மாத்திரை எண்ணும்போது கையால் தொடக் கூடாது. தட்டில் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். இரண்டாவது ஆள் மறுபடி எண்ண வேண்டும். உறையில் சூரியன், நிலா படம் போட்டு எந்த வேளை, எத்தனை என்று காட்டினால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

இந்த அளவுக் கணக்குக்கெல்லாம் அடிப்படை தராசு. மண் தரையில் வைத்தால் தராசு பொய் சொல்லும். அடியில் ஒரு பலகை போட்டு, பூஜ்யம் பார்த்து, செருப்பையும் கனத்த துணியையும் கழற்றி, இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும். அழுது துள்ளும் கைக்குழந்தையென்றால் தாயோடு ஒரு முறை, தாயை மட்டும் ஒரு முறை நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசலிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. இந்தியப் பொட்டலம் பெரும்பாலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட், எல்லாம் சேர்ந்து 20.5 கிராம். பிரெஞ்சுப் பொட்டலம் 200 மில்லிக்கு. இரண்டும் கலந்த பெட்டியைக் கொண்டுபோய் ‘ஒரு பொட்டலம், ஒரு பாட்டில்’ என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வீரியம் இருக்கும், இன்னொரு வீட்டில் சிறு பாட்டிலில் கலந்து கரைசல் கடல்நீர் போல உறைக்கும். அதிக உப்பு குழந்தையின் மூளையைத் தாக்கும், சர்க்கரை அதிகமானால் வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். அங்கே வீடுகளில் கிடைப்பதோ பெரும்பாலும் ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அளவுக் குவளையால் சரியாக ஒரு லிட்டர் ஊற்றி, அந்த மட்டத்தில் அழியாத மையால் கோடு போட்டு, தாயிடம் பாட்டிலையே கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு பிள்ளை காலையிலிருந்து மாலை வரை இந்த ஒரு வேலையைச் செய்தாலே போதும்.

கொடுக்கும் முறை: ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூனால் மெல்லக் கொடுக்க வேண்டும். கலந்த கரைசல் 24 மணி நேரத்துக்குப் பின் வேண்டாம். துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10, பத்து முதல் பதினான்கு நாள் வரை. இதைக் கொடுப்பது மருத்துவ நிலையத்துப் பணியாளர் வேலை. கண் குழி விழுந்திருந்தாலோ, மலத்தில் இரத்தம் இருந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ பிள்ளைகள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காமல் அந்த நிமிடமே செவிலியரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

குடிநீரில் கலக்கம் இருந்தால் முதலில் தெளியவிட்டு, மடித்த துணியில் வடித்து, பிறகுதான் குளோரின். 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்குப் போதும். முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். சேற்று நீரில் நேரே போட்டால் குளோரின் முழுவதும் சேற்றிலேயே செலவாகிவிடும், கிருமி அப்படியே இருக்கும். குளோரின் தூளை மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இனி முகாம் எங்கே நடக்க வேண்டும் என்பது. மைதானத்தில் தனியாகக் கூடாரம் அடித்து ‘மொரிசியஸ் டாக்டர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால் பக்கத்திலிருக்கும் அரசு அடிப்படைச் சுகாதார நிலையம் அந்த வாரம் காலியாகிவிடும். மடகாஸ்கரில் முதல் நிலையில் செவிலியரோ மருத்துவ உதவியாளரோ, இரண்டாம் நிலையில் டாக்டரோ பொறுப்பில் இருக்கும் இந்த நிலையங்கள்தான் நாம் ஊர் திரும்பிய பிறகும் அங்கே இருக்கப் போகின்றன. அவர்கள் கட்டடத்தில், அவர்கள் பதிவேட்டில், அவர்கள் சொல்படி வேலை செய்வதே முறை. இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் நடந்து வந்த பாட்டிக்கு உடனே பட்டையைக் கட்டிப் பார்த்து, 170 என்று முப்பது மாத்திரை கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரண்டு முறை பார்க்க வேண்டும். முப்பத்தோராவது நாள் மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதற்குப் பதில் இல்லையென்றால் மருந்தையே தொடங்கக் கூடாது. அந்த முடிவு நிலையத்து டாக்டருடையது.

நோயாளி கையில் வைத்திருக்கும் சுகாதாரக் கர்னேயில் (குறிப்பேட்டில்) எழுதுவதும் முக்கியம். தேதி, எடை, என்ன கண்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்று வாசிக்கக்கூடிய பிரெஞ்சு எழுத்தில் இருக்க வேண்டும். டாக்டர் வாயால் சொல்ல, பிள்ளை எழுத, டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மற்ற நாட்டுப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக உள்ள தகுதி இதுதான். ஆனால் பிரெஞ்சு கிராமத்தில் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். கிரியோலும் செல்லாது. மலகாசி பேசும் உள்ளூர் ஆள் ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். வரிசை எண்ணைக் கூப்பிடும் அளவுக்காவது இரை, ருவா, தெலு என்று பிள்ளைகள் எண்ணக் கற்றுக்கொண்டு போகட்டும். ஊருக்கு ஊர் ‘ஃபாடி’ என்ற விலக்குகள் உண்டு. எதைச் செய்யக் கூடாது, எங்கே கால் வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட வேண்டும்.

செய்யவே கூடாதவை: ஊசி, தையல், பல் பிடுங்குதல், பிரசவ அறைக்குள் நிற்பது, பயன்படுத்திய ஊசியைப் பொறுக்குவது. இங்கே மொரிசியஸில் எந்த மருத்துவமனையும் பதினேழு வயதுப் பிள்ளை கையில் பல் பிடுங்கும் குறடைக் கொடுக்காது. கடல் தாண்டினால் மட்டும் எப்படிச் சரியாகும்? ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தை அழுத்திப் பிழியாமல் சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அந்த மருந்து எந்த ஊரில் கிடைக்கும் என்று தெரியாமல் கிளம்பக் கூடாது. அநாதை இல்லத்துக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிப் படம் எடுத்துப் போடும் பழக்கமும் வேண்டாம். நம் 2020-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பதினெட்டுக்குக் குறைந்த எல்லாரையும் குழந்தை என்கிறது. போகிற பிள்ளையும் குழந்தை, படத்தில் இருக்கிற பிள்ளையும் குழந்தை.

தடுப்பூசிக்கு எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்று பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். 2018-19-இல் மடகாஸ்கரில் வந்த தட்டம்மையில் நோயாளிகள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். ஹெபடைடிஸ் ஏ, பி, டைஃபாய்டு, டெட்டனஸ், போலியோ ஆகியவற்றையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி விமானத்தில் போனால் மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்பதில்லை. நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கேட்பார்கள்.

வெறிநாய்க்கடிதான் நம் பிள்ளைகள் யோசிக்காத ஆபத்து. மொரிசியஸில் அந்த நோய் இல்லை. தெருநாயைத் தடவியும் விரட்டியும் வளர்ந்த பிள்ளைகள், மடகாஸ்கரிலும் கை நீட்டுவார்கள். அங்கே அது உயிர்க்கொல்லி. கடித்தாலும் கீறினாலும், லெமூர் கடித்தாலும், சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். அந்தனநரிவோவில் பாஸ்டர் நிறுவனத்தில் அதற்கான சிகிச்சை மையம் இருக்கிறது. கிராமத்தில் தங்குபவர்கள் முன்கூட்டியே முதல் நாளும் ஏழு நாள் கழித்தும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு போவது நல்லது. ஆற்றிலும் குளத்திலும் குளிக்க வேண்டாம், பில்ஹார்சியாப் புழு தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.

மலேரியா மாத்திரையை டாக்டர்தான் எழுத வேண்டும். அட்டோவாக்குவோன்-புரோகுவானில் என்ற மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் சாப்பாட்டோடு எடுத்து, திரும்பிய பின் 7 நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் விலை குறைவு, ஆனால் திரும்பிய பின் 28 நாள். அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். வெயிலில் தோலும் கருகும். மாத்திரையைப் பொறுப்பாளர் கையில் வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கட்டும். பிள்ளைகளிடம் விட்டால் மூன்றாம் நாள் மறந்துவிடும்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் பிரெஞ்சில். சிகிச்சைக்கான சம்மதம் தனித் தாளில். அவசர விமான மாற்றத்தைச் சேர்த்த காப்பீடு. பெரிய விபத்தென்றால் ரெயூனியனுக்கோ இங்கேயோதான் பறக்க வேண்டியிருக்கும், அதற்குக் காப்பீட்டுக் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வேண்டும். ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதில் ஒரு பெண்ணும் ஒரு செவிலியரும் கட்டாயம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்துப் போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இரவில் நெடுஞ்சாலைப் பயணம் கிடையாது. நோயைவிடச் சாலைதான் அங்கே எங்களுக்குப் பயம்.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கிறது. நம் தீவு 1973-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. 1975-இல் ஜெர்வேஸ் புயலுக்குப் பின் நோய் திரும்பி வந்தது. 1990-களின் கடைசியில்தான் உள்ளூர்ப் பரவல் அடியோடு நின்றது. பரப்பும் கொசு இன்றும் இங்கே இருக்கிறது. அதனால்தான் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருபவர்களின் வீட்டுக்குச் சுகாதார அதிகாரி வந்து விரலில் இரத்தம் எடுக்கிறார். விமான நிலையத்தில் சரியான முகவரி, சரியான தொலைபேசி எண் கொடுங்கள். அவர் வரும்போது பிள்ளை டியூஷனுக்குப் போய்விட்டான் என்று திருப்பி அனுப்பாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பெனடோல் போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று தள்ளாமல், அன்றே மருத்துவமனைக்குப் போய் ‘மடகாஸ்கரிலிருந்து வந்தோம்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தடுப்பு மாத்திரை தவறாமல் போட்டிருந்தாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர்களும் செவிலியர்களும் சிலர்,
கத்ர் போர்ன், மொரிசியஸ்